பங்குச் சந்தையும் புனேயின் பட்டறைகளும்: நெருக்கடிக்கு முன்னும் பின்னும்

2004 மே 17, திங்கட்கிழமை. மக்களவைத் தேர்தலில் தேசிய ஜனநாயகக் கூட்டணி தோல்வியுற்று, இடதுசாரிகளின் ஆதரவோடு புதிய அரசு அமையவிருந்த நேரம் அது. மும்பைப் பங்குச் சந்தையின் குறியீட்டெண்ணான சென்செக்ஸ் அன்று ஒரே நாளில் 564 புள்ளிகள், அதாவது 11 சதவீதம் வீழ்ந்தது. வர்த்தகம் இருமுறை நிறுத்தி வைக்கப்பட்டது. முந்தைய வெள்ளிக்கிழமைக்கும் அந்தத் திங்கட்கிழமைக்கும் இடையில் நாட்டில் ஓர் ஆலையும் மூடப்பட்டிருக்கவில்லை, மழை பொய்க்கவில்லை, உற்பத்தி குறையவில்லை. சுமார் 60 இடதுசாரி உறுப்பினர்கள் நாடாளுமன்றத்திற்குச் செல்கிறார்கள் என்ற செய்தி ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2009 மே 18. இதுவும் திங்கட்கிழமைதான். காங்கிரஸ் தலைமையிலான கூட்டணி இம்முறை இடதுசாரிகளின் ஆதரவு தேவைப்படாத நிலையில் வெற்றி பெற்றிருந்தது. இடதுசாரிகளின் எண்ணிக்கை 24 ஆகச் சுருங்கியிருந்தது. சந்தை திறந்த சில நொடிகளிலேயே உயர்வு வரம்பைத் தொட்டது. ஒரே நாளில் 2,100 புள்ளிகளுக்கு மேல், 17 சதவீதம் ஏறி, அன்றைய வர்த்தகமே முடித்து வைக்கப்பட்டது. உலகம் நிதி நெருக்கடியின் பிடியிலிருந்து மீளாதிருந்த காலம் அது. ஏற்றுமதி சரிந்திருந்தது; வேலையிழந்தோர் வேலை தேடிக்கொண்டிருந்தனர். சந்தை அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

இவ்விரு நாட்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர்க்கு ஓர் உண்மை விளங்கும். பங்குச் சந்தை பொருளாதாரத்தின் கண்ணாடி என்று வணிக நாளேடுகள் சொல்வது பாதி உண்மையே. அது ஒரு வர்க்கத்தின் எதிர்பார்ப்புகளைக் காட்டும் கண்ணாடி. அந்த வர்க்கத்தின் எதிர்பார்ப்பும் உழைப்பாளி மக்களின் வாழ்வும் சில வேளைகளில் ஒரே திசையில் செல்லும்; பல வேளைகளில் எதிரெதிர்த் திசையில் செல்லும். எப்போது எத்திசையில் செல்லும் என்பதை அறிவதற்கு நெருக்கடிக் காலங்களே சிறந்த பாடநூல்.

இரண்டு தவறான மனநிலைகள்

இடதுசாரி இயக்கத்திற்குள் பங்குச் சந்தை குறித்து இருவகை மனநிலைகள் நிலவுகின்றன. ஒன்று, அது பணக்காரர்களின் சூதாட்டம், தொழிலாளிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஒதுக்கிவிடுவது. மற்றொன்று, சந்தை சரியும்போதெல்லாம் முதலாளித்துவத்தின் முடிவு நெருங்கிவிட்டதாக உள்ளூர மகிழ்வது.

இரண்டும் பிழையானவை. சூதாட்டம் என்பது உண்மையே; ஆனால் அந்தச் சூதில் பணயமாக வைக்கப்படுவது சூதாடியின் சொத்து மட்டுமன்று. தொழிலாளியின் வேலையும், வருங்கால வைப்பு நிதியும், ஓய்வூதியமும் இன்று அந்தப் பலகையின் மேல் கிடக்கின்றன. சந்தை சரிந்தால் முதலாளித்துவம் தானே சரியும் என்ற நம்பிக்கையும் அவ்வாறே. 1992இல் ஹர்ஷத் மேத்தா ஊழலின்போது சரிந்தது, 2001இல் கேத்தன் பரேக் ஊழலின்போது சரிந்தது, 2008இல் சரிந்தது, 2020இல் சரிந்தது. ஒவ்வொரு முறையும் அரசின் கைகொடுத்தலால் அது எழுந்தது. ஒவ்வொரு முறையும் எழும்போது, சுமையைக் கீழே இருப்பவர் தோளில் ஏற்றிவிட்டே எழுந்தது. ஆகவே மகிழ்வதற்கோ ஒதுக்குவதற்கோ முன்னர், அது இயங்கும் விதத்தை அறிந்துகொள்வது கட்சி ஊழியரின் கடமையாகிறது.

அதற்கு மராட்டிய மாநிலத்தின் புனே நகரம் ஏற்ற எடுத்துக்காட்டு. ஒருபுறம் பிம்ப்ரி-சிஞ்ச்வாட், போசரி, சாக்கன் தொழிற்பேட்டைகளில் இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் லாரிகளையும் கார்களையும் இருசக்கர வாகனங்களையும் அவற்றின் உதிரிபாகங்களையும் செய்கிறார்கள். கடக்கி, தேஹு ரோடு பகுதிகளில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும் அவர்களில் உண்டு. மறுபுறம், அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனங்களின் பங்குகள் மும்பைச் சந்தையில் நாள்தோறும் கைமாறுகின்றன. பட்டறையும் சந்தையும் ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கின்றன என்பதை இங்கே தெளிவாகக் காணலாம்.

பங்கின் விலையைத் தீர்மானிப்பவை

பங்கு என்பது இயந்திரமோ கட்டடமோ அன்று. ஒரு நிறுவனத்தில் இனி உற்பத்தியாகப்போகும் உபரியில் ஒரு பகுதிக்கான உரிமைச் சீட்டு அது. இதனால்தான் மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் இத்தகைய சீட்டுகளைக் கற்பனை மூலதனம் என்ற வகையில் வைத்து ஆராய்ந்தார். உண்மை மூலதனம் ஆலையில் ஒருமுறையே இருக்கிறது. அதன் மீதான உரிமைச் சீட்டோ நூறு முறை கைமாறி, நூறு விலைக்கு விற்கப்படுகிறது.

அந்த விலையைப் பேரளவுப் பொருளாதாரத்தின் நான்கு அம்சங்கள் தீர்மானிக்கின்றன. முதலாவது, எதிர்பார்க்கப்படும் இலாபம்: உற்பத்தி வளர்ச்சி, விற்பனை, கூலிச் செலவு ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது, வட்டி விகிதம்: வட்டி குறைந்தால் வைப்புத் தொகையில் கிடைக்கும் வருவாய் குறையும், பணம் பங்குகளை நோக்கி ஓடும். மூன்றாவது, ரூபாயின் மாற்று மதிப்பு. நான்காவது, அந்நிய நிதி நிறுவனங்களின் வரத்தும் வெளியேற்றமும். தாராளமயத்திற்கு முன் முதலிரண்டே முதன்மையாக இருந்தன. 1992இல் அந்நிய நிதி நிறுவனங்களுக்கு இந்தியப் பங்குச் சந்தை திறந்துவிடப்பட்ட பின்னர், நான்காவது அம்சம் மற்ற மூன்றையும் விஞ்சும் வலிமை பெற்றது.

நெருக்கடிக்கு முன்: வளர்ச்சியின் மறுபக்கம்

2003 முதல் 2007 வரையிலான காலத்தை வணிக ஏடுகள் பொற்காலம் என்று எழுதின. நாட்டின் உற்பத்தி ஆண்டுக்கு 8, 9 சதவீதம் வளர்ந்தது. 2007ஆம் ஆண்டில் மட்டும் அந்நிய நிதி நிறுவனங்கள் 70,000 கோடி ரூபாய்க்கு மேல் பங்குகளில் கொட்டின. சென்செக்ஸ் 2008 ஜனவரி 10 அன்று 21,206 என்ற உச்சத்தைத் தொட்டது. உற்பத்தியும் குறியீட்டெண்ணும் ஒரே திசையில் ஏறியது உண்மை. ஆனால் வேகம் ஒன்றாக இல்லை: உற்பத்தி நான்கு ஆண்டுகளில் நாற்பது சதவீதத்தை ஒட்டி வளர்ந்திருக்க, குறியீட்டெண் பல மடங்காகியது. இடைவெளியை நிரப்பியது வெளிநாட்டிலிருந்து வந்த மலிவான பணம்.

அந்த உச்சக் காலத்திலேயே புனேயின் தொழிலாளிக்கு என்ன நேர்ந்தது? 2007 செப்டம்பரில், குறியீட்டெண் நாள்தோறும் புதிய சிகரங்களைத் தொட்டுக்கொண்டிருந்தபோது, ஆக்குர்டியில் இருந்த பஜாஜ் ஆட்டோ ஆலையில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையின்றி நின்றனர். உற்பத்தி, வரிச்சலுகை தரப்பட்ட உத்தராகண்டின் பந்த்நகருக்கும் பிற ஆலைகளுக்கும் சென்றது. இலாபக் கணக்கில் இது செலவுக் குறைப்பு. பங்கு விலைக்கு நல்ல செய்தி. நெருக்கடிதான் தொழிலாளியை வெளியேற்றுகிறது என்பதில்லை. செழிப்பும் அதே வேலையைச் செய்யும்.

ஒட்டுமொத்தப் போக்கையும் காண வேண்டும். அமைப்புசார் ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பங்கு, தொழில்களின் ஆண்டு ஆய்வின்படி 2000-01இல் ஐந்தில் ஒன்றாக இருந்தது. பத்தாண்டுகளில் மூன்றில் ஒன்றைத் தாண்டியது. இன்று நாற்பது சதவீதத்தைத் தொட்டு நிற்கிறது. குறியீட்டெண் ஏறிய அதே ஆண்டுகளில்தான் நிரந்தர வேலை சுருங்கியது. இவ்விரண்டும் தற்செயலாக ஒரே காலத்தில் நிகழ்ந்தவை அல்ல.

நெருக்கடி: வால் ஸ்ட்ரீட்டிலிருந்து போசரி வரை

2008 செப்டம்பர் 15 அன்று நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. அதன் அதிர்ச்சி, போசரியில் இரும்புத் துண்டைக் கடையும் லேத் பட்டறையை வந்தடைந்த வழியைப் படிப்படியாகப் பார்ப்பது பயனுள்ளது.

அமெரிக்காவில் பணத்தட்டுப்பாடு ஏற்பட்டதும், அந்நிய நிதி நிறுவனங்கள் இந்தியப் பங்குகளை விற்றுப் பணத்தை எடுத்துச் சென்றன. 2008ஆம் ஆண்டில் அவை நிகரமாக எடுத்துச் சென்றது 50,000 கோடி ரூபாய்க்கு மேல். விற்றுக் கிடைத்த ரூபாயை டாலராக மாற்றியதால், ஆண்டுத் தொடக்கத்தில் 39 ரூபாயாக இருந்த டாலர் ஆண்டு இறுதிக்குள் 50 ரூபாயைத் தொட்டது. ரூபாயைத் தாங்கிப் பிடிக்க ரிசர்வ் வங்கி டாலரை விற்றது. அவ்வாறு விற்கும்போது சந்தையிலிருந்து ரூபாயை உறிஞ்சியது. அதற்கு முன்பே, கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலர் வரை ஏறிய வேளையில், பணவீக்கத்தைக் கட்டுப்படுத்துவதாகச் சொல்லி ரெப்போ வட்டி 9 சதவீதமாக உயர்த்தப்பட்டிருந்தது. இவை எல்லாம் சேர்ந்து வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் கடன் வறண்டது.

லாரி வாங்குபவர் ரொக்கம் கொடுத்து வாங்குவதில்லை, கடனில்தான் வாங்குகிறார். கடன் வறண்டதும் லாரி விற்பனை விழுந்தது. ஏற்றுமதி குறைந்ததால் சரக்கும் குறைந்தது. இருக்கும் லாரிகளுக்கே ஓட்டமில்லை. டாட்டா மோட்டார்ஸ் நிறுவனம் 2008 நவம்பர், டிசம்பர் மாதங்களில் புனே உள்ளிட்ட தன் ஆலைகளில் சில நாட்கள் உற்பத்தியை நிறுத்தியது. பெரிய ஆலை மூன்று நாள் நின்றால், அதற்கு உதிரிபாகம் செய்யும் பட்டறை மூன்று வாரம் நிற்கும். முதலில் வெளியே அனுப்பப்பட்டவர் பயிற்சியாளர். அடுத்தவர் ஒப்பந்தத் தொழிலாளி. நிரந்தரத் தொழிலாளிக்கு மிகுதிநேர வேலை போயிற்று.

ஒன்றிய அரசின் தொழிலாளர் பணியகம் எடுத்த மாதிரி ஆய்வே, 2008 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் சுமார் ஐந்து இலட்சம் பேர் வேலையிழந்ததாக மதிப்பிட்டது. வாகனத் தொழில் அந்த ஆய்வில் இடம்பெற்ற துறைகளில் ஒன்று.

அக்டோபர் 27 அன்று சென்செக்ஸ் 7,697 வரை இறங்கியது. பத்து மாதங்களில் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பு மறைந்தது. கவனிக்க வேண்டியது வரிசைமுறை. சந்தை ஜனவரியிலேயே சரியத் தொடங்கியது. ஆலை நின்றது நவம்பரில். பணம் படைத்தவர்க்குத் தப்பிச் செல்ல பத்து மாதங்கள் இருந்தன. தொழிலாளிக்கு ஒரு நாள் காலை வாயிற்கதவில் ஒட்டப்பட்ட அறிவிப்பே முதற்செய்தி.

இரண்டு நிறுவனங்கள்

டாட்டா மோட்டார்ஸ் 2008 ஜூனில் பிரிட்டனின் ஜாகுவார் லேண்ட் ரோவரை 230 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்காக 300 கோடி டாலர் குறுகியகாலக் கடன் எழுப்பியது. உச்சத்தின் நம்பிக்கையில் எடுத்த கடன், சரிவின் நடுவில் திருப்பிக் கேட்கப்பட்டது. 2008-09இல் அந்நிறுவனத்தின் ஒருங்கிணைந்த நட்டம் சுமார் 2,500 கோடி ரூபாய். ஆண்டுத் தொடக்கத்தில் 700 ரூபாய்க்கு மேல் விற்ற பங்கு, ஆண்டு இறுதியில் 150 ரூபாய்க்கும் கீழே போனது. பின்னர் என்ன ஆயிற்று? 2010 இறுதியில் அதே பங்கு 1,300 ரூபாயை ஒட்டி விற்றது.

புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மற்றொரு நிறுவனம் சுஸ்லான். தென் தமிழகத்தில் காற்றாலைகளைக் கண்டவர் அதன் பெயரையும் கண்டிருப்பர். 2005இல் பங்கு வெளியிட்டது. 2007இல் ஜெர்மனியின் ஆர்இபவர் நிறுவனத்தைக் கைப்பற்றியது. வெளிநாட்டு நாணயத்தில் மாற்றத்தக்க கடன் பத்திரங்களை விற்றது. பங்கு விலை ஏறிக்கொண்டே இருக்கும், கடன் கொடுத்தோர் பத்திரத்தைப் பங்காக மாற்றிக்கொள்வர், கடனைத் திருப்பவே வேண்டியிராது என்பது கணக்கு. 2008 ஜனவரியில் 400 ரூபாய்க்கு மேல் இருந்த பங்கு, 2009 மார்ச்சில் 50 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. ரூபாய் வீழ்ந்ததால் கடனின் சுமை கூடியது. 2012 அக்டோபரில் சுமார் 20 கோடி டாலர் பத்திரக் கடனைத் திருப்ப இயலாமல் நின்றது. பிறகு நடந்த கடன் மறுசீரமைப்பில் பெரும்பகுதியைத் தாங்கியவை பாரத ஸ்டேட் வங்கி முதலான பொதுத்துறை வங்கிகளே.

இரு நிறுவனங்களின் கதையும் சொல்வது ஒன்றே. குமிழிக் காலத்தில் எடுக்கப்படும் முடிவு தனியாருடையது. குமிழி உடைந்தபின் வரும் சுமை பொதுவுடையது.

நெருக்கடிக்குப் பின்: சந்தை மட்டும் முதலில் எழுகிறது

ரிசர்வ் வங்கி 2008 அக்டோபர் முதல் 2009 ஏப்ரலுக்குள் ரெப்போ வட்டியை 9 சதவீதத்திலிருந்து 4.75 சதவீதமாகக் குறைத்தது. ரொக்கக் கையிருப்பு விகிதம் 9இலிருந்து 5 சதவீதமானது. பரஸ்பர நிதியங்கள் பணமின்றித் தடுமாறியபோது, அவற்றிற்கென 20,000 கோடி ரூபாய்ச் சிறப்புச் சாளரம் சில நாட்களிலேயே திறக்கப்பட்டது. வேலையிழந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு எந்தச் சாளரமும் திறக்கப்படவில்லை. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் வேலையிழப்புப் படி என ஒன்று உண்டு. பல ஆண்டுகள் தொடர்ந்து சந்தா செலுத்தியவர்க்கே அது. ஆறு மாதத்துக்கொரு முறை ஒப்பந்தக்காரர் மாறும் இடத்தில் அந்தத் தகுதி யாருக்கு வாய்க்கும்?

அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூச்சியத்துக்கு அருகில் கொண்டுவந்ததும், மலிவான டாலர் மீண்டும் இந்தியா வந்தது. 2009இல் அந்நிய நிதி நிறுவனங்கள் 80,000 கோடி ரூபாய்க்கு மேல் பங்குகளை வாங்கின. 2010 தீபாவளியன்று சென்செக்ஸ் மீண்டும் 21,000ஐத் தொட்டது.

உற்பத்தியும் மீண்டது என்பதை மறுப்பதற்கில்லை. மீட்டது எது? ஊரக வேலை உறுதித் திட்டமும், ஆறாவது ஊதியக் குழுவின் நிலுவைத் தொகையும், விவசாயக் கடன் தள்ளுபடியும், உற்பத்தி வரிக் குறைப்பும் மக்கள் கையில் வாங்கும் சக்தியை உண்டாக்கின. வங்கித் துறையின் பெரும்பகுதி பொதுத்துறையில் இருந்ததால், மேலை நாடுகளைப் போல வங்கிகள் சரியவில்லை. 2004 முதல் 2008 வரை காப்பீட்டில் அந்நிய முதலீட்டு உயர்வையும், ஓய்வூதிய நிதித் தனியார்மயச் சட்டத்தையும், வங்கித் தனியார்மயத்தையும் இடதுசாரிகள் தடுத்து நிறுத்தியிருந்தனர். 2006இல் நெய்வேலித் தொழிலாளர்களின் போராட்டம் என்.எல்.சி. பங்கு விற்பனையை நிறுத்தச் செய்தது. 2004 மே 17 அன்று எந்தத் தடைகளை எண்ணிச் சந்தை அஞ்சியதோ, அந்தத் தடைகளே 2008இல் நாட்டைக் காத்தன.

இதே பாடம் 2020இல் மேலும் கொடூரமான வடிவில் நடந்தேறியது. மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 3,934 புள்ளிகள் வீழ்ந்தது. அந்த மாதம் அந்நிய முதலீட்டாளர்கள் 60,000 கோடி ரூபாய்க்கு மேல் பங்குகளை விற்று வெளியேறினர். ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நாட்டின் உற்பத்தி, அரசின் முதல் மதிப்பீட்டின்படியே, 23.9 சதவீதம் சுருங்கியது. சாக்கனிலும் பிம்ப்ரியிலும் ஆலைகள் மூடிக் கிடந்தன. புலம்பெயர் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தனர். ஆனால் வட்டி 4 சதவீதமாகக் குறைக்கப்பட்டு, உலக மத்திய வங்கிகள் பணத்தை வெள்ளமாகத் திறந்துவிட்டதும், 2021 ஜனவரியில் சென்செக்ஸ் முதன்முறையாக 50,000ஐத் தாண்டியது. புனேயில் தலைமையிடம் கொண்டு, தவணைக் கடன் கொடுக்கும் பஜாஜ் ஃபைனான்சின் பங்கு, 2020 பிப்ரவரியில் 4,900 ரூபாய் வரை சென்றது. மே மாதம் 2,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. ஓராண்டுக்குள் பழைய உச்சத்தைக் கடந்தது. கடன் வாங்கித் தொலைக்காட்சியும் கைபேசியும் வாங்கிய தொழிலாளிக் குடும்பத்தின் வருமானம் அதே வேகத்தில் மீண்டதா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஆக, நெருக்கடிக்கு முன் குறியீட்டெண்ணும் உற்பத்தியும் ஒரே திசையில் செல்கின்றன. நெருக்கடியின்போது குறியீட்டெண் முந்திக்கொண்டு சரிகிறது. நெருக்கடிக்குப் பின், மலிவான பணத்தின் தோளில் ஏறி அது மட்டும் முதலில் எழுகிறது. உற்பத்தி பின்னே வருகிறது. கூலியும் வேலையும் கடைசியில் வருகின்றன, அல்லது வராமலே போகின்றன.

சந்தைக்குள் இழுக்கப்படும் உழைப்பாளி

மீட்சிக்காகக் குறைக்கப்படும் வட்டிக்கு இன்னொரு விளைவும் உண்டு. வைப்புத் தொகையின் வட்டி குறைகிறது. சிறுசேமிப்பாளர் வேறு வழி தேடுகிறார். கூட்டுறவு வங்கியை நம்பினால் அதுவும் கவிழ்கிறது: 1912இல் தொடங்கப்பட்ட புனேயின் ரூபி கூட்டுறவு வங்கி, 2013 முதல் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் கிடந்து, 2022இல் உரிமம் இழந்தது. அந்த ஒன்பது ஆண்டுகளும் வைப்புதாரர்கள் தங்கள் பணத்தைத் தாங்களே எடுக்க இயலாமல் நின்றனர். இவ்வாறு விரட்டப்படும் சேமிப்பு எங்கே செல்லும்? 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த டிமேட் கணக்குகள் நான்கே ஆண்டுகளில் 15 கோடியைக் கடந்தன.

இதைச் சந்தையின் சனநாயகமயம் என்று போற்றுகிறார்கள். ஆனால் சந்தை உண்மையில் மையப்படுத்தப்பட்டே வந்திருக்கிறது. 1982இல் தொடங்கிய புனே பங்குச் சந்தையும், 1937இல் தொடங்கிய சென்னைப் பங்குச் சந்தையும் 2015இல் மூடப்பட்டன. கோவைப் பங்குச் சந்தை அதற்கும் முன்பே மூடப்பட்டது. மும்பையின் இரு சந்தைகளும், அவற்றின் கணினிகளோடு இணைந்த பெருநிறுவனங்களும் மட்டுமே எஞ்சின.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, எதிர்கால, விருப்ப ஒப்பந்த வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் மூன்று நிதியாண்டுகளில் பணத்தை இழந்தனர் என்று கூறியது. மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இவர்களில் முக்கால் பங்கினர் ஆண்டு வருமானம் ஐந்து இலட்சம் ரூபாய்க்கும் குறைவானவர்கள். பத்தில் நால்வர்க்கு மேல் முப்பது வயது நிரம்பாதவர்கள். இழந்த பணம் காற்றில் கரையவில்லை. கணினி நிரல் வழியே வர்த்தகம் செய்யும் தரகு நிறுவனங்களுக்கும் அந்நிய நிதி நிறுவனங்களுக்கும் சென்றது. வேலை கிடைக்காத பட்டதாரி மகன் கைபேசியில் இழக்கும் பணம், பல வீடுகளில் தந்தையின் பணிக்கொடை. அவனைக் கேலி செய்வது அரசியல் ஆகாது. வேலை தர மறுத்த பொருளாதாரமே அவனைச் சூதாட்டப் பலகைக்கு அனுப்பியது என்று விளக்குவதே அரசியல்.

விரும்பிச் செல்பவர் ஒருபுறம் இருக்க, விரும்பாதவரும் இழுக்கப்படுகிறார்கள். 2004 ஜனவரி 1க்குப் பின் சேர்ந்த ஒன்றிய அரசு ஊழியர்களும், தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1க்குப் பின்னும், மராட்டியத்தில் 2005 நவம்பர் 1க்குப் பின்னும் சேர்ந்த மாநில அரசு ஊழியர்களும் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத்தை இழந்தனர். 2013இல் நிறைவேறிய சட்டம் புதிய ஓய்வூதியத் திட்டத்தைச் சந்தையோடு இறுகப் பிணைத்தது. 2015 ஆகஸ்ட் முதல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் புதிய வரவில் 5 சதவீதம் பங்குச் சந்தைக்குச் சென்றது. இரண்டே ஆண்டுகளில் அது 15 சதவீதமாக்கப்பட்டது. சந்தை நீண்டகாலத்தில் ஏறும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். 2008 அக்டோபரில் ஓய்வு பெறுபவரிடம் நீண்டகாலம் என்பதற்கு என்ன பொருள்? சந்தை காத்திருக்கலாம்; வயது காத்திருக்காது.

2023 மார்ச் 14 முதல் ஒரு வாரம் மராட்டியத்தின் பல இலட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பழைய ஓய்வூதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தது இந்தப் புரிதலின் வெளிப்பாடே. அதன் பின்னரே, 2024 ஆகஸ்டில், ஒன்றிய அரசு தன் ஊழியர்க்கு உறுதியளிக்கப்பட்ட தொகை என்ற கொள்கையை ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தின் பெயரில் ஓரளவேனும் ஏற்க வேண்டியதாயிற்று. சந்தா பிடித்தம் தொடர்வதால் அது முழு வெற்றியன்று. ஆனால் சந்தையே ஓய்வூதியத்தைப் பார்த்துக்கொள்ளும் என்ற வாதம் தோற்றதற்கு அது சாட்சி.

செய்ய வேண்டியவை

கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். பங்களிப்பற்ற, உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியம் மீட்கப்பட வேண்டும். வருங்கால வைப்பு நிதியைச் சந்தையில் போடும் விகிதம் மேலும் உயர்த்தப்படுவதைத் தடுத்து, படிப்படியாகக் குறைக்க வேண்டும். 2014 முதல் மாதம் 1,000 ரூபாயிலேயே தேங்கி நிற்கும் வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை, வாழ்வதற்குப் போதுமான அளவுக்கு உயர்த்தப்பட வேண்டும். வேலையிழப்புப் படி ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கிடைக்குமாறு விதிகள் திருத்தப்பட வேண்டும்.

வரிவிதிப்பும் பேசப்பட வேண்டும். பங்குகளின் நீண்டகால மூலதன ஆதாயத்திற்கு 2004 முதல் 2018 வரை வரியே இல்லை, இன்றும் 12.5 சதவீதம்தான். உழைத்து ஈட்டும் ஊதியத்திற்கு 30 சதவீதம் வரை வரி. உழைக்காமல் வரும் ஆதாயத்திற்கு அதில் பாதிகூட இல்லை. குறுகிய காலத்தில் வந்து போகும் அந்நிய நிதிக்குக் கட்டுப்பாடு விதிக்கப்படாதவரை, நியூயார்க்கில் எடுக்கப்படும் வட்டி முடிவு போசரியின் பட்டறையை மூடிக்கொண்டே இருக்கும்.

இவற்றைக் கொண்டுசெல்வதற்குக் கட்சிக் கிளைகளும் தொழிற்சங்கங்களும் முதலில் கற்க வேண்டும். வட்டி விகிதம் குறைகிறது என்ற செய்தி வந்தால், யாருடைய வைப்புத் தொகை தேய்கிறது, யாருடைய பங்கு ஏறுகிறது என்று கேட்கும் பழக்கம் வேண்டும். ரூபாய் வீழ்கிறது என்றால், எந்த ஆலையின் கடன் கூடுகிறது, எங்கே ஆட்குறைப்பு வரும் என்று முன்னுணரும் திறன் வேண்டும். சந்தைக்குப் பத்து மாதம் முன்பே தெரிவது சங்கத்திற்கு ஏன் தெரியக்கூடாது? நிறுவனங்களின் காலாண்டு அறிக்கைகளும் ரிசர்வ் வங்கியின் அறிவிப்புகளும் பொதுவெளியில் உள்ளவைதாம். ஆட்குறைப்பு அறிவிப்பு வாயிற்கதவில் ஒட்டப்பட்ட பின் கூடுவதைவிட, கடன் வறளத் தொடங்கும் மாதத்திலேயே ஒப்பந்தத் தொழிலாளரையும் நிரந்தரத் தொழிலாளரையும் ஒரே கூட்டத்தில் அமர்த்துவது பயன் தரும்.

அடுத்த நெருக்கடி எந்த ஆண்டில் வரும் என்று எவரும் நாள் குறிக்க இயலாது. வரும் என்பதில் மட்டும் ஐயமில்லை. அன்று அரசு சந்தையைக் காக்க ஓடும். அதற்கான பணத்தைப் பொதுமக்களிடமே எடுக்கும். உழைப்பாளியின் வேலையையும் ஓய்வூதியத்தையும் காக்க அமைப்புகள் இருக்குமா என்பது, நெருக்கடி வராத இந்த நாட்களில் புனேயிலும் கோவையிலும் ஹோசூரிலும் செய்யப்படும் வேலையைப் பொறுத்தது.